செவிமடுக்கவும் பயிற்சி வேண்டும்

சில திங்களுக்கு முன் நமது அலுவலகத்திற்கு ஒரு மடல் வந்தது. நான்கு பக்கங்கள், முத்து முத்தான கையெழுத்து. எழுதியவர் நம் மறைமாவட்டத்துப் பங்கு ஒன்றைச் சேர்ந்த தாய். "பெயரும் ஊரும் வேண்டா. செய்தியை வெளியிடலாம். என்னைப் போல் கலங்கும் வேறு தாய்மாரும் இருக்கக்கூடும்" என்று இறுதியில் குறித்திருந்தார்.

அவருடைய மகள் அமெரிக்க நாட்டுப் பல்கலைக் கழகம் ஒன்றில் மேற்படிப்புப் படிக்கிறாள். அங்கே அவளுக்கு அது முதற் குளிர்காலம். மாலை ஐந்து மணிக்கே இருண்டுவிடும் ஊர். உறக்கம் கெட்டது, உணவு செல்லவில்லை, வகுப்புக்குப் போவதும் நின்றது. உடன் தங்கியிருந்த தோழி அவளைப் பல்கலைக் கழகத்தின் ஆற்றுப்படுத்தும் நிலையத்திற்கு அழைத்துச் சென்றாள். அங்கே ஒரு படிவம் தந்தார்கள். 'உமக்குச் செவிமடுக்கப் போகிறவர் பயிற்சியில் உள்ளவர்; உரிமம் பெற்ற வல்லுநர் ஒருவர் அவரை மேற்பார்வை செய்கிறார்; உமக்கு இசைவு இருப்பின் உரையாடல் பதிவு செய்யப்படும்' என்பது அதன் சாரம். மகள் கையொப்பமிட்டாள். பிறகு தாயிடம் தொலைபேசியில் சொன்னாள்.

தாய் துடித்துப்போனார். அவர் நம்மிடம் எழுப்பிய கேள்விகள் நான்கு. "என் பிள்ளையின் கண்ணீரை வைத்தா அவர்கள் தொழில் பழகவேண்டும்? பதிவு செய்ததை யார் யார் பார்ப்பார்கள், நாளைக்குத் திருமணப் பேச்சு வரும்போது இது தலையெடுக்காதா? அந்த நிலையத்தாரோடு நானே பேசினேன். அவள் அங்கே வருகிறாளா என்பதைக்கூடச் சொல்ல மறுத்துவிட்டார்கள், பெற்றவளுக்கு உரிமை இல்லையா? எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல குருவிடம் சென்று ஒப்புரவு பெற்றால் போதாதா?"

நான்கும் நியாயமான கேள்விகள். நம் பங்குகளிலிருந்து பிள்ளைகள் கடல் கடந்து சென்று படிப்பது இன்று அரிய செய்தி அன்று. ஆதலின் இக்கேள்விகளுக்கு நாம் தேடிக் கண்ட விடைகளை எல்லாக் குடும்பங்களின் முன்பும் வைக்கிறோம்.

பயிற்சியாளர் யார்?

ஆற்றுப்படுத்துதல் என்னும் சொல் தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்கு வழி சொல்வது அவற்றின் அமைப்பு. தான் நடந்து அறிந்த வழியை அவன் காட்டுகிறான். அவனைத் தோளில் சுமந்து சென்று விடுவதில்லை. நடக்க வேண்டியவன் நடந்தே ஆகவேண்டும். இக்காலத்து ஆற்றுப்படுத்துநரின் பணியும் ஏறத்தாழ இதுவே. வேறுபாடு ஒன்று உண்டு. பழைய கலைஞன் மிகுதியாகப் பேசினான். இவர் மிகுதியாகக் கேட்கிறார்.

அமெரிக்கப் பல்கலைக் கழக நிலையங்களில் 'பயிற்சியாளர்' எனப்படுபவர் நேற்றுப் பள்ளியை விட்ட சிறுவர் அல்லர். உளவியலில் முனைவர் பட்டத்திற்கு நான்கைந்து ஆண்டுகள் பயின்று, அக்காலத்திலேயே மேற்பார்வையின்கீழ்ப் பலரைச் சந்தித்துப் பழகி, இறுதிப் படியாக ஓராண்டு முழுநேரப் பணிக்கு வருபவர். நம் அரசு மருத்துவமனைகளில் 'ஹவுஸ் சர்ஜன்' என்று சொல்கிறோமே, ஏறத்தாழ அந்நிலையில் இருப்பவர். இவ்வோராண்டை முடிக்காமல் பட்டம் இல்லை. பட்டம் பெற்றபின்னும் உரிமத் தேர்வு எழுதாமல் தனித்துத் தொழில் செய்ய இயலாது. அந்நாட்டு மாநிலங்கள் பலவற்றில் பட்டத்திற்குப் பின்னும் மேற்பார்வைப் பணிக்காலம் உண்டு.

இப்பயிற்சி இடங்களை ஒழுங்குபடுத்தும் சங்கம் ஒன்று 1968 முதல் இயங்கி வருகிறது. அதன் விதிகள் கண்டிப்பானவை. ஆண்டில் குறைந்தது 1,500 மணி நேரப் பணி. பல நிலையங்களில் 2,000 மணி. வாரந்தோறும் உரிமம் பெற்ற உளவியலார் ஒருவரோடு தனித்து அமர்ந்து குறைந்தது 2 மணி நேரம் தம் பணியை ஒப்புவிக்க வேண்டும். கூட்டாக நடைபெறுவதையும் சேர்த்து 4 மணி நேரம். பணி நேரத்தில் கால்பங்கேனும் நேருக்கு நேர் மக்களைச் சந்திப்பதில் கழியவேண்டும். ஒரே ஒரு பயிற்சியாளரைத் தனியே வைத்துக்கொள்ளவும் கூடாது; குறைந்தது இருவர் வேண்டும். தனிமை கற்பவரையும் கெடுக்கும் என்பது அதன் உட்கருத்து.

இடம் பெறுவதும் எளிதன்று. முன்பெல்லாம் குறித்த ஒரு நாளில் தொலைபேசி அருகே விண்ணப்பதாரர் காத்துக் கிடந்தனர். 1999 முதல் நிலையங்களும் விண்ணப்பதாரரும் தத்தம் விருப்பவரிசையை எழுதித் தர, கணிப்பொறி இணைத்துவைக்கிறது. நாட்டின் ஒரு கோடியில் இருப்பவர் மறு கோடிக்குச் செல்ல நேரிடலாம். குடும்பத்தோடு பெயர்ந்து செல்வோரும் உளர். ஆகவே, பிள்ளையின் எதிரே அமர்பவரும் பெரும்பாலும் தம் ஊரை விட்டு வந்தவரே; புது ஊரின் தனிமையைத் தாமும் உணர்பவரே.

போர் முடிந்தபின் பிறந்த முறை

அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில் மாணவர் மனநலத்துக்கென முதற் பணி 1910இல் பிரின்ஸ்டனில் தொடங்கியது என்பர். அறிவிற் குறைவற்ற மாணவர் சிலர் உள்ளக் குழப்பத்தால் படிப்பை இடையில் விடுவதைக் கண்டதே அதற்குக் காரணம். மின்னசோட்டா பல்கலைக் கழகம் 1932இல், எப்படிப்பு தமக்கு ஏற்றது, எத்தொழில் தகும் என்று மாணவர் தேர்ந்து தெளிய ஒரு நிலையம் கண்டது. அக்கால ஆற்றுப்படுத்துநர் மிகுதியும் அறிவுரையாளராகவே விளங்கினர். தேர்வு வைத்தனர், முடிவு கூறினர், வழி சொன்னார்கள்.

இரண்டாம் உலகப்போர் இதை மாற்றியது. இலட்சக்கணக்கான வீரர் போர்க்களத்தின் காட்சிகளை நெஞ்சில் சுமந்து வீடு திரும்பினர். அரசின் உதவித்தொகை பெற்று அவர்களுள் பெருந்தொகையினர் கல்லூரிகளில் சேர்ந்தனர். செவிமடுக்கத் தெரிந்தவர் போதவில்லை. போர்வீரர் நலத்துறை 1946இல் உளவியலாரைப் பயிற்றுவிக்கப் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1949இல் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் அறிஞர் கூடி, நோயாளர்க்குப் பணிபுரியும் உளவியலார் ஆய்வும் அறிந்திருக்க வேண்டும். ஓராண்டு நேரடிப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும் என்று முடிவு செய்தனர். நூலறிவு மட்டும் ஒருவரை மனிதத் துயரத்தின் முன் நிறுத்தப் போதாது என்பதன் ஒப்புதலே அது எனலாம்.

இக்காலத்தில் பெயர் பெற்றவர் கார்ல் ரோஜர்ஸ். 1902இல் ஒரு கண்டிப்பான புரோட்டஸ்டாந்துக் குடும்பத்தில் பிறந்தவர். நியூயார்க் நகரில் இரண்டாண்டு இறையியல் படித்துப் பின் உளவியலுக்கு மாறியவர். 1945 முதல் 1957 வரை சிக்காகோ பல்கலைக் கழகத்தின் ஆற்றுப்படுத்தும் நிலையத்தை நடத்தினார். அவர் இளமையில், ராச்செஸ்டர் நகரில் பணியாற்றிய நாளில் நிகழ்ந்த ஒன்றை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஓர் அடங்காப் பிள்ளையின் தாய் அவரிடம் பலமுறை வந்தார். பிள்ளையின் குறைக்குத் தாய் அவனை ஒதுக்கியதே காரணம் என்று ரோஜர்சுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதை அத்தாய்க்கு உணர்த்த மென்மையாக, பொறுமையாக முயன்றார். பயன் இல்லை. இறுதியில் நாம் இருவரும் முயன்றும் பலிக்கவில்லை, நிறுத்திக்கொள்ளலாம் என்றார். தாயும் இசைந்து எழுந்தார். கதவு வரை சென்றவர் திரும்பினார். இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டோ என்று கேட்டார். மீண்டும் அமர்ந்து தம் இல்வாழ்வின் துயரத்தையெல்லாம் கொட்டினார். அன்றுதான் உண்மையான பணி தொடங்கியது. பிள்ளையும் பின்னர்த் திருந்தினான்.

வலி எங்கே என்று வலியுடையவருக்கே தெரியும்; கேட்பவர் அதற்கு இடம் விட்டால் போதும். இதுவே ரோஜர்ஸ் அன்று கற்ற பாடம். கற்றறிந்த வல்லுநர் ஒருவருக்கே இது தோல்வியின் வழியாகத்தான் கிட்டியது என்றால், கேட்பது பிறவியிலேயே வரும் குணம் அன்று என்பது விளங்கவில்லையா?

பதிவு செய்வது எதற்கு?

தாயின் முதற் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் விடை இங்கே கிடைக்கிறது. ரோஜர்ஸ் ஒகையோ மாநிலப் பல்கலைக் கழகத்தில் இருந்தபோது, உரையாடல்களை இசைத்தட்டுகளில் பதிவு செய்யத் தொடங்கினார். ஒரு தட்டின் பக்கம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஓயாது மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அப்பாட்டின் பயனாக, 1942இல் வெளியிட்ட நூலில் ஒருவரின் முழு உரையாடல் வரிசையைச் சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். அதுவரை உளவியலார் அறைக்குள் என்ன நடந்தது என்பதற்கு அவருடைய நினைவே சான்றாக இருந்தது. நினைவோ நமக்குச் சாதகமாகவே பேசும்! தாம் பொறுமையாகக் கேட்டதாக எண்ணியவர், பதிவைக் கேட்டபோதுதான் தாம் எத்தனை முறை குறுக்கிட்டார் என்பதை அறிந்தார்.

பின்னர் 1960களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த நார்மன் கேகன் ஒளிப்பதிவைப் பயிற்சிக்குரிய முறையாக வளர்த்தார். பயிற்சியாளர் தம் உரையாடலைத் திரையில் பார்க்கிறார். தோன்றும் இடத்தில் நிறுத்துகிறார். மேற்பார்வையாளர் குற்றம் சொல்வதில்லை. 'அவ்வேளையில் உம் மனத்தில் என்ன ஓடியது?' என்று கேட்கிறார். அந்த மாணவி அழுதபோது நான் ஏன் பேச்சை மாற்றினேன்? அவள் கண்ணீரைத் தாங்க முடியாதது யாருக்கு, அவளுக்கா எனக்கா? இவ்வாறு பயிற்சியாளர் தம்மையே காண்கிறார். பதிவின் நோக்கம் மாணவியைக் காட்சிப்பொருள் ஆக்குவது அன்று, செவிமடுப்பவரைச் சோதிப்பது.

இதற்குக் காவல்களும் உண்டு. எதிரே இருப்பவர் பயிற்சியாளர் என்பதையும் மேற்பார்வையாளர் பெயரையும் மாணவர்க்கு முன்னரே தெரிவிக்க வேண்டும் என்பது அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஒழுக்க நெறி. இசைவின்றிப் பதிவு செய்தல் கூடாது. பார்ப்போர் மேற்பார்வையாளரும் அவர் நடத்தும் பயிற்சிக் குழுவினருமே; அவர்களையும் இரகசியக் கடமை கட்டும். ஆற்றுப்படுத்தும் நிலையத்தின் ஏடுகள் மதிப்பெண் பட்டியலோடு சேர்வதில்லை.

ஆகவே அன்னையரே, மகளின் கண்ணீரை வைத்துத் தொழில் பழகுகிறார்கள் என்பது பாதி உண்மை. மறுபாதி என்ன? அனுபவம் முதிர்ந்தவரிடம் சென்றிருந்தால் அவர் ஒருவரே கேட்டிருப்பார். பயிற்சியாளரிடம் சென்றதால் அவளுக்காக இருவர் சிந்திக்கின்றனர்.

ஓர் ஆண்டின் நடை

பயிற்சி ஆண்டு பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்கி மறு ஜூலையில் முடியும். காலையில் புதிதாய் வருவோரைச் சந்தித்து அவர் தேவையை மதிப்பிடுதல், பின் தனியுரையாடல்கள், வாரம் ஒருமுறை ஆறேழு மாணவர் கூடும் குழு, மாலையில் விடுதிகளுக்குச் சென்று உறக்கம், தேர்வு அச்சம், மதுப்பழக்கம் ஆகியவை பற்றிப் பேசுதல், இடையிடையே கருத்தரங்குகள், குறிப்பெழுதுதல். தம்மினும் இளைய பயிற்சி மாணவர் ஒருவரை மேற்பார்வை செய்யவும் பலர் பழகுகின்றனர். அம்மேற்பார்வையையும் ஒருவர் மேற்பார்வை செய்கிறார். இந்தியானா மாநிலத்தில் உள்ள நம் கத்தோலிக்கப் பல்கலைக் கழகமாகிய நோட்டர் டேமின் நிலையமும் இத்தகைய பயிற்சியை அளித்து வருகிறது.

பண்பாட்டு வேறுபாடும் பயிற்சியின் பகுதியே. நம் பெண் 'மனம் சோர்ந்திருக்கிறேன்' என்று சொல்லமாட்டாள். 'தலை வலிக்கிறது, நெஞ்சை அடைக்கிறது' என்பாள். பெற்றோரைக் கேட்டே முடிவு செய்வேன் என்பாள். தனித்து நிற்பதையே முதிர்ச்சி என்று வளர்ந்த இளைஞர் ஒருவர் அதைக் குறையாக எண்ணிவிடக்கூடும். 'இது அவளுடைய நோயா, அவள் குடும்பத்தின் பாசமா?' என்று திருப்பிக் கேட்க மேற்பார்வையாளர் தேவை.

எல்லாவற்றினும் கடினமானது ஒன்று. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரே கேட்கப் பயிற்சியாளர் கற்கவேண்டும். கேட்டால் அவ்வெண்ணத்தை விதைத்தவர் ஆவோமே என்று நாம் அஞ்சுகிறோம். ஆய்வுகள் அவ்வச்சத்தை ஆதரிக்கவில்லை. நேரே கேட்கப்பட்டவர் பலர் பாரம் இறங்கியதாகவே உணர்கின்றனர். ஆபத்து உண்டு என்று தெரிந்தால், மாணவரைத் தனியே அனுப்பிவிடாமல் உடனே மேற்பார்வையாளரிடம் கலக்கிறார். ஆபத்தை முன்னறிவிக்கும் அடையாளங்கள் எவை, அவ்வேளையில் யாரை அழைப்பது, தீங்குக்கு உதவும் பொருள்களை எவ்வாறு அகற்றுவது என்று ஒரு தாளில் இருவரும் சேர்ந்து எழுதுகின்றனர். தேவையெனில் மருத்துவமனை. பயிற்சியில் இருப்பவர் அந்நேரத்தில் தனியே நிற்பதில்லை என்பதே பெற்றோர் அறியவேண்டிய முதற் செய்தி.

குறைகளும் இல்லாமல் இல்லை. தேர்வுக் காலத்தில் காத்திருப்போர் வரிசை நீளும். நீண்டகாலச் சிகிச்சை வேண்டுவோரை வெளியே அனுப்பிவிடும் நிலையங்கள் உண்டு. ஜூலையில் பயிற்சியாளர் விடைபெறும்போது, நெஞ்சைத் திறந்த மாணவர் மீண்டும் ஒரு புதியவரிடம் முதலிலிருந்து தொடங்க நேரிடும். அப்பிரிவைப் பல வாரங்களுக்கு முன்பே பேசிப் பக்குவப்படுத்த வேண்டும் என்று கற்பிக்கிறார்கள். எனினும் பிரிவு பிரிவுதான். 2010களின் தொடக்கத்தில் விண்ணப்பதாரர் தொகைக்கு ஏற்ற இடங்கள் இன்றிப் பலர் ஓராண்டு காத்திருந்ததும் உண்டு. பின்னர் அந்நெருக்கடி தணிந்தது.

இரகசியமும் அதன் எல்லையும்

மூன்றாம் கேள்வி பெற்ற வயிற்றின் கேள்வி. அந்நாட்டில் 18 வயது நிறைந்தவர் தம் இசைவைத் தந்தாலன்றி, அவர் வருகிறாரா என்பதையும் நிலையம் வெளியிடுவதில்லை. இது பெற்றோரை அவமதிப்பது போல் தோன்றும். ஆனால் சிந்திப்போம். தான் சொல்வது வீட்டுக்குப் போய்ச்சேரும் என்று அறிந்தால் எத்தனை பிள்ளைகள் வாய் திறப்பர்? நிலையத்தாரிடம் பெற்றோர் சொல்லும் செய்தியை அவர்கள் பெரும்பாலும் கேட்டுக்கொள்வர்; திருப்பிச் சொல்லமாட்டார்கள். அவர்கள் கதவு நமக்கு அடைத்திருந்தாலும், மகளின் கதவு அடைத்திருக்கவில்லையே! அவளையே கேட்கலாம்.

அந்த இரகசியத்துக்கும் எல்லை உண்டு. அதை வகுத்த வழக்கில் நம் நாட்டு மாணவர் ஒருவர் தொடர்புற்றிருந்தார் என்பது துயரச் செய்தி. இந்தியாவிலிருந்து கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக் கழகத்துக்குச் சென்ற அவர், ஒரு பெண்மீது கொண்ட காதல் நிறைவேறாமல் மனம் உடைந்தார். பல்கலைக் கழக மருத்துவமனை உளவியலாரிடம், அப்பெண்ணைக் கொல்லும் எண்ணத்தை 1969ஆம் ஆண்டு கோடையில் வெளியிட்டார். உளவியலார் வளாகக் காவலர்க்கு அறிவித்தார். காவலர் பிடித்து விசாரித்துத் தெளிவாக இருக்கிறார் என்று விட்டுவிட்டனர். அப்பெண்ணுக்கோ அவள் பெற்றோர்க்கோ ஒருவரும் சொல்லவில்லை. அக்டோபர் 27 அன்று அவள் கொல்லப்பட்டாள். பெற்றோர் தொடுத்த தாராசாஃப் வழக்கில் கலிபோர்னிய உச்சநீதிமன்றம் 1974இலும் மீண்டும் 1976இலும் தீர்ப்பளித்தது. பிறர் உயிருக்கு ஆபத்து என்று அறிந்தால் அவரைக் காக்க முயல்வது சிகிச்சையாளரின் கடமை என்பது அதன் சாரம். இன்று பயிற்சிக்கு வருவோர் கற்கும் முதற் பாடங்களுள் இது ஒன்று. ஆகவே முதற் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள்: நீர் சொல்வது வெளியே போகாது, உம் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து வந்தால் மட்டும் வாய் திறப்போம்.

இங்கே நம் நெஞ்சம் ஒப்புரவு அருட்சாதனத்தை நினைக்கிறது. அதன் முத்திரைக்கு எல்லையே இல்லை. எக்காரணத்தாலும், எவருக்காகவும் குரு அதை உடைக்கலாகாது. 1393இல் பிராகு நகரத்து ஆற்றில் எறியப்பட்ட புனித நெப்போமுக் யோவான், அரசியின் பாவ அறிக்கையை வெளியிட மறுத்து உயிர் தந்தார் என்பது நம் மரபு. இரண்டும் இரகசியமே, ஆயினும் ஒன்று இறைவனின் தீர்ப்பு மன்றத்துக்குரியது, மற்றது மனிதரின் பாதுகாப்புக்குரியது. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தல் கூடாது.

ஒப்புரவு போதாதா?

இவ்வாறு நாம் நான்காம் கேள்விக்கு வந்துவிட்டோம். திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1953 ஏப்ரல் 13 அன்று உளவியல் மருத்துவர் மாநாட்டினர்க்கு ஆற்றிய உரையில் இதற்கு வழி காட்டினார். நோயின் விளைவாக எழும் பொய்யான குற்ற உணர்ச்சியும் உண்டு. உண்மைக் குற்றத்தால் எழும் உணர்ச்சியும் உண்டு. உண்மைக் குற்றத்தை உளவியல் துடைக்கமுடியாது. மனத்துயரும் பாவமன்னிப்பும் வேண்டும். இவ்வாறு இரண்டையும் அவர் வேறுபடுத்தினார். இதன் மறுபுறத்தையும் நாம் பார்க்கவேண்டும். நோயைப் பாவமன்னிப்பால் மட்டும் தீர்க்க எண்ணுவதும் பிழையே. காய்ச்சல் கண்ட பிள்ளையை ஒப்புரவுக்கு அனுப்பிவிட்டு மருந்து தராமல் இருப்போமா? இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில், அருட்பணியில் உளவியலின் கண்டுபிடிப்புகளையும் பயன்படுத்துமாறு பணித்தது.

நம் குருக்கள் இத்துறைக்கு அந்நியரும் அல்லர். தாமஸ் வெர்னர் மூர் என்னும் அமெரிக்கக் குரு 1916இலேயே வாஷிங்டன் நகரத்துப் பிராவிடன்ஸ் மருத்துவமனையில் மனநோயாளர்க்கு ஒரு மருத்துவ நிலையம் திறந்தார். உளவியல், மருத்துவம் இரண்டும் கற்றவர். இறுதியில் கர்த்தூசியத் துறவியாய் மௌனத்தில் வாழ்ந்து 1969இல் மறைந்தார். சார்லஸ் கரன் என்னும் மற்றொரு குரு ரோஜர்சிடமே பயின்று, சிக்காகோ லொயோலா பல்கலைக் கழகத்தில் கற்பித்தார். அவர்களுக்கெல்லாம் நெடுங்காலம் முன்பே, இலொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில், வழிநடத்துபவர் எப்பக்கமும் சாயாத தராசின் முள்போல் நின்று, படைத்தவரும் படைப்பும் தாமே உறவாட விடவேண்டும் என்று அறிவுறுத்தியிருக்கிறார்.

தற்கொலையால் ஒருவரை இழந்த குடும்பங்கள் நம் பங்குகளிலும் உள்ளன. கடுமையான உளத்துயர் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்தம் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழத்தல் ஆகாது என்றும் 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி ஏடு கற்பிக்கிறது. இறந்தபின் காட்டும் அந்த இரக்கத்தை உயிரோடு இருக்கும்போதே காட்டுவது நம் கடன் அன்றோ?

நம் இல்லங்களில்

யோபுவின் நண்பர் மூவரை நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவர் துயரம் பெரிது என்று கண்டார்கள். அவ்வரையில் அவர்கள் நல்ல நண்பர்கள். பிறகு வாய் திறந்தார்கள், காரணம் சொன்னார்கள், அறிவுரை பொழிந்தார்கள், நண்பனைப் புண்படுத்தினார்கள். நம் இல்லங்களிலும் நடப்பது இதுதானே? பிள்ளை ஒரு சொல் தொடங்குமுன் நாம் பத்துச் சொல் முடித்துவிடுகிறோம். 'எங்கள் காலத்தில்' என்கிறோம். 'செபமாலை சொல், சரியாகிவிடும்' என்கிறோம். செபமாலை சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதை அவளோடு முழந்தாளிட்டுச் சொல்லவேண்டும். அவள் வாயை அடைக்கச் சொல்லலாகாது.

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோர்க்கு நாம் சொல்வன சில. புறப்படுமுன்பே, 'மனம் தளர்ந்தால் அங்குள்ள நிலையத்துக்குப் போ. நாங்கள் தவறாக எண்ணமாட்டோம்' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான பல்கலைக் கழகங்களில் அச்சேவைக்கு மாணவர் தனிக் கட்டணம் செலுத்த வேண்டுவதில்லை. செல்கிறாள் என்று தெரிந்தால், அங்கே என்ன பேசினாய் என்று துருவாதீர்கள். வளாகத்துக் கத்தோலிக்க ஆலயத்தையும் குருவையும் நாடச் சொல்லுங்கள். ஒன்று மற்றொன்றுக்குப் போட்டி அன்று. உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் காத்திராதீர்கள். அமெரிக்காவில் 988, நம் நாட்டில் 14416 ஆகிய தொலைபேசி எண்களில் உடனே உதவி கிடைக்கும்.

இவற்றையெல்லாம் அத்தாய்க்கு மடலாக எழுதி அனுப்பியிருந்தோம். சென்ற திங்கள் அவரிடமிருந்து மறுமொழி வந்தது. இம்முறை அரைப்பக்கம்தான். மகள் இன்னும் அந்நிலையத்துக்குச் செல்கிறாளாம், வகுப்புக்கும் செல்கிறாளாம், முற்றும் தேறிவிட்டாள் என்று சொல்வதற்கில்லையாம். "வாரம் ஒருநாள் பேசிக்கொள்கிறோம். முன்பெல்லாம் நான் பேசுவேன், அவள் கேட்பாள். இப்போது அவள் பேசுகிறாள். நடுவில் குறுக்கிடாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று இப்போதுதான் தெரிகிறது" என்று எழுதியிருந்தார்.

அத்தாயும் பயிற்சியாளர் ஆகிவிட்டார்! நாமும் அப்பள்ளியில் சேரத் தடை இல்லை. நம் பயிற்சிக்கும் மேற்பார்வையாளர் ஒருவர் உண்டு. எம்மாவு செல்லும் வழியில் மனமுடைந்து நடந்த இருவரோடு உயிர்த்த ஆண்டவர் சேர்ந்து நடந்தார். நடந்தது அனைத்தும் அவருக்குத் தெரியும். தெரியாதவர்போல் என்ன நடந்தது என்று கேட்டார். அவர்கள் தங்கள் ஏமாற்றத்தையெல்லாம் சொல்லித் தீர்க்கும் வரை வழி நெடுகக் காத்திருந்தார். மறைநூலை விளக்கியது அதற்குப் பின்புதான். அப்பம் பிட்டது அதற்கும் பின்புதான். இன்று மாலை நம் பிள்ளை வீட்டுக்குள் நுழையும்போது, அவரைப் போல் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, விடை முடியும் வரை காத்திருப்போமாக.